முகாம் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எதை வாசிப்பது?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈழத்துச் சிறுகதை ஒன்றை நகலெடுத்துக்கொண்டு போய் வாசித்தேன். ஷெல் விழுகிறது, பதுங்கு குழி, இருட்டில் படகு. வாசித்து முடித்த வேகத்தில், "இதெல்லாம் எங்கயோ நடந்ததுன்னு நினைக்காதீங்க, நம்ம வகுப்பிலேயே..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். நிறுத்தியும் பயனில்லை. மொத்த வகுப்பும் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே இருந்த பெண் ஸ்கேலை எடுத்து நோட்டில் மார்ஜின் போட ஆரம்பித்தாள். ஏற்கெனவே மார்ஜின் போட்டிருந்த பக்கம் அது. மணி அடிக்கும்வரை அதன் மேலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது இந்த ஊர் அரசு மருத்துவமனையில். அவள் அம்மா கைக்குழந்தையாக 1990இல் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். அந்தப் பெண் கடலைப் பார்த்ததே ஒரே ஒரு முறை, பள்ளிச் சுற்றுலாவில்தான். அவளுடைய கதையை நான் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் பாட்டியின் கதையை அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

அதனால் இந்த வருடம் அதே வகுப்புக்கு, அகதி வாழ்வு என்ற அதே பொருளுக்கு, என்ன எடுப்பது என்று கோடை விடுமுறையில் உட்கார்ந்து யோசித்தேன். கையில் இருப்பது நான்கு வெள்ளிக்கிழமைகள், நூலகப் பாடவேளை, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். வகுப்பில் 38 பேர். மூன்று பேர் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமிலிருந்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 2021 கணக்குப்படி ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். ஆகவே இது என் பள்ளியின் கவலை மட்டுமில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து மண்டபம் வரை முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று ஒன்று எங்கும் உண்டு.

மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தேன். முகாமிலிருந்து வரும் பிள்ளை இதைப் படிக்கும்போது, விரும்பினால் வாயைத் திறக்காமல் இருக்க இடம் இருக்கிறதா? மற்ற 35 பேரும் "பாவம்" என்ற சொல்லோடு நின்றுவிடாமல் இருப்பார்களா? முழுதாக வாசித்துப் பேச நேரம் போதுமா? முதல் கேள்வி மற்ற இரண்டையும்விடப் பெரியது. அந்த மார்ஜின் நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

பல ஆசிரியர்கள் முதலில் சொல்லும் பெயர் ஆன் ஃபிராங்க். தமிழிலும் கிடைக்கிறது, பிள்ளைகளின் வயதுக்காரி, டைரி என்பதால் படிக்கவும் எளிது. நல்ல புத்தகம்தான், ஆனால் இந்த வேலைக்குப் பொருந்தாது. அது நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதக் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பம் அகதிகளாக இருந்த காலம் டைரிக்கு முன்னாலேயே முடிந்துபோகிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பிராங்க்பர்ட்டை விட்டுக் கிளம்பி ஆம்ஸ்டர்டாம் போனார்கள். 1941இல் அப்பா அமெரிக்க விசாவுக்காக அலைந்தார், கிடைக்கவில்லை. 1942 ஜூலையில் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்புவது அந்த விசா அலைச்சலை. அதுவோ டைரிக்கு வெளியே கிடக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. "ஹிட்லர் ரொம்பக் கெட்டவன் மிஸ்" என்று ஒருவன் சொன்னதும் வகுப்பே நிம்மதியாகிவிடும். கெட்டவன் செத்துப்போயாச்சு, பாடமும் முடிந்தது.

அடுத்து, ஷான் டானின் 'தி அரைவல்'. 2006இல் வந்த ஆஸ்திரேலியப் படநூல். ஒரு சொல்கூடக் கிடையாது. முதல் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, விரிசல் விட்ட தேநீர்க் கெண்டி, திறந்து வைத்த பெட்டி, குடும்பப் படம். அவ்வளவுதான், ஒரு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள் என்று புரிந்துவிடுகிறது. அந்த மனிதன் போய்ச் சேரும் ஊரின் எழுத்து எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. தங்க இடம் கேட்கக் கட்டிலை வரைந்து காட்டுகிறான். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, எழுத்து தெரியாததால் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிட்டு வருகிறான். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் வாசிக்கத் திணறும் பிள்ளையும் இந்தப் புத்தகத்தின் முன்னால் ஒன்றுதான். இருவருக்குமே படிக்கத் தெரியாது. போன வருடம் ஏழாம் வகுப்பில் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு, நான்கு நான்கு பேராகச் சுற்றி உட்கார வைத்துக் காட்டினேன். தலைகீழ்ச் சுவரொட்டிப் பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு பையன், "அந்தாளுக்கு யாரும் சொல்லித் தரலயா?" என்று கேட்டான்.

முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. யார் ஊரும் இல்லாத ஊர் அது, ஆகவே யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த ஊர் ரொம்ப நல்ல ஊர். வருகிறவனுக்குச் சோறு போடுகிறார்கள், வழி காட்டுகிறார்கள், கடைசியில் மனைவியும் மகளும் வந்து சேர்கிறார்கள். முப்பது வருடம் தகரக் கூரைக்கு அடியில் காத்திருக்கிற யாரும் அதில் இல்லை. ஏழாம் வகுப்புக்குச் சரி. பதினான்கு வயதுக்கு இது மட்டும் போதாது.

ஈழத்து எழுத்துக்கு வருவோம். மனசு முதலில் போவது அங்கேதான், நான் தயங்குவதும் அங்கேதான். ஷோபாசக்தியின் 'கொரில்லா' பிரான்சில் தஞ்சம் கேட்கும் விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. அகதியாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஒருவன் தன் வாழ்க்கையை நம்பர் போட்டு எழுத வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய தமிழ் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாவலின் வன்முறை பதினோராம் வகுப்புக்கே அதிகம். அ. முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' ஏஜெண்டுகளை நம்பிப் பல நாடுகளைத் தாண்டும் இளைஞனின் கதை. நகைச்சுவையோடு ஓடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நாற்பது நிமிடத்தில் அடங்காது, விடுமுறைக்குக் கொடுத்துவிடலாம்.

பக்க அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். வகுப்பில் ஈழத்துக் கதையைச் சத்தமாக வாசிக்கப்போவது யார்? 'கதைக்கிறது', 'கெதியா', 'வடிவு' என்று வரும்போது நான் வாசித்தால் மிமிக்ரி மாதிரி இருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு கிளம்புகிறது. "நீ வாசிம்மா, உனக்குத்தான் சரியா வரும்" என்று முகாம் பிள்ளையிடம் நீட்டினால் அது இன்னும் மோசம். முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்வது, பள்ளிக்கூட கேட் தாண்டியதும் 'கதைக்கிறதை' விட்டுவிட்டுப் 'பேச' வேண்டும் என்பதை. ஒரே நாளில் இரண்டு முறை நாக்கை மாற்றுகிற பிள்ளைகள் அவர்கள். அந்த நாக்கை 38 பேருக்கு முன்னால் வெளியே எடுத்துக் காட்டச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சரி, அப்படியானால் ஈழ எழுத்தே வேண்டாமா? வேண்டும், ஆனால் கடைசியில். அதற்கு நான் எடுத்து வைத்திருப்பது வ.ஐ.ச. ஜெயபாலனின் கவிதை. மகன் யாழ்ப்பாணத்தில், மனைவி கொழும்பில், அப்பா வன்னியில், அம்மா தமிழ்நாட்டில், சுற்றம் பிராங்க்பர்ட்டில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், தான் மட்டும் வழி தவறி அலாஸ்காவுக்கு வந்துவிட்ட ஒட்டகம் மாதிரி ஆஸ்லோவில் இருப்பதாகச் சொல்கிறார். குண்டும் இல்லை, ரத்தமும் இல்லை, முகவரிகள் மட்டும்தான். இதைப் பத்தாம் வகுப்பில் ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். அவரவர் குடும்பம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். விருப்பம் இல்லாதவர்கள் கவிதையில் வரும் ஊர்களை வரைபடத்தில் குறிக்கலாம் என்றேன். அப்பா குவைத், சித்தப்பா திருப்பூர், அண்ணன் பெங்களூர் என்று தாள்கள் நிரம்பின. "அப்ப நாமளும் அகதிதானே மிஸ்?" என்று ஒருவன் எழுந்தான். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்தவன், "எங்கப்பா லீவுக்கு வருவாருடா" என்றான். அகதிக்கும் பிழைக்கப் போனவருக்கும் என்ன வேறுபாடு என்று பயிற்சி வகுப்பில் எனக்கு அரை நாள் பாடம் எடுத்தார்கள். இவன் நாலு சொல்லில் முடித்துவிட்டான்.

உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. பிரிவினை முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்து, இந்தியாவும் பாகிஸ்தானும் மனநலக் காப்பகத்தில் இருப்பவர்களையும் மாற்றிக்கொள்ள முடிவு செய்கின்றன. லாகூர்க் காப்பகத்தில் பிஷன் சிங் என்ற சீக்கியக் கிழவர். பதினைந்து வருடமாக உட்காராமல் நின்றுகொண்டே இருப்பவர். தன் ஊர் டோபா டேக் சிங் எந்தப் பக்கம் போயிற்று என்று எல்லோரிடமும் கேட்கிறார், யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவன் மரத்தில் ஏறிக்கொண்டு, இந்தியாவும் வேண்டாம் பாகிஸ்தானும் வேண்டாம், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்கிறான். முதல் பாதியில் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மண்ட்டோ அதற்குத்தான் எழுதியிருக்கிறார். கடைசியில் இரண்டு முள்கம்பிகளுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத துண்டு நிலத்தில், பிஷன் சிங் விழுந்து கிடக்கும்போது சிரித்த வாய்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். மண்ட்டோவே 1948 ஜனவரியில் பம்பாயை விட்டு லாகூர் போனவர் என்பதை அப்போது சொன்னால் போதும், முன்னாலேயே சொல்ல வேண்டாம்.

இதன் பலம், 'பாவம்' என்று சொல்லவிடாமல் தடுப்பது. பிஷன் சிங் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை, என் ஊர் எங்கே என்று மட்டும் கேட்கிறார். ஆனால் வாசித்த பிறகு எவனாவது, "மிஸ், முகாம்ல இருக்கறவங்க எந்த ஊருக்காரங்க?" என்று கேட்பான். அதற்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை முதல், இங்கே பிறந்துவிட்டால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றார்கள், 2004 டிசம்பரில் அதையும் இன்னும் இறுக்கினார்கள். 2019இல் வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர்ப் பலகை மாறியது, ஊருக்குள் இன்னும் 'கேம்ப்' என்றுதான் சொல்கிறார்கள். இவ்வளவையும் முகாம் பிள்ளையைக் கேட்காமலேயே, சட்டமாக மட்டும் சொல்லிவிட முடியும்.

வெ. சாமிநாத சர்மா 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்ததைப் பற்றி எழுதிய பயணநூலையும் பார்த்தேன். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ரங்கூனை விட்டு லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பிய காலம். கதையாக அல்ல, வீட்டுப்பாடமாக இது உதவும்: உங்கள் தெருவில் பர்மாவிலிருந்தோ, சிலோன் தோட்டத்திலிருந்தோ வந்த வீடு இருக்கிறதா என்று விசாரித்து வரச் சொல்லலாம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியில் மட்டுமில்லை, பல ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் நூலை அப்படியே வகுப்பில் வாசித்தால் தூங்கிவிடுவார்கள்.

கடைசியாக, நான் தேடாமலேயே கிடைத்தது. புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' எல்லோருக்கும் தெரியும், 112ஆம் பாட்டு. போன மாதப் பௌர்ணமிக்கு அப்பா இருந்தார், குன்று எங்களுடையது. இந்த மாதப் பௌர்ணமிக்குக் குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. ஐந்தே வரி. ஆனால் அது மனப்பாடப் பாட்டாகிப் பிள்ளைகளுக்குத் தேய்ந்துவிட்டது. நான்கு பாட்டு தள்ளி 116ஐப் பாருங்கள். கபிலர் பாடியது. பாரியின் பறம்பு மலை பறிபோன பிறகு அந்தப் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறார். 'முள் மிடை வேலி', பஞ்சு பரந்து கிடக்கும் முற்றம், ஒரு 'சிற்றில்', அதன் பக்கம் படர்ந்த பீர்க்கும் சுரையும். அந்தப் பெண்கள் 'ஈத்து இலைக் குப்பை ஏறி', தெருவில் போகும் உமணரின் உப்பு வண்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு இதே பெண்கள் குன்றின் மேல் நின்று, தங்கள் அப்பாவை எதிர்த்துப் போருக்கு வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். 'நோகோ யானே', எனக்கு வலிக்கிறது என்கிறார் கபிலர்.

முள்வேலி, சின்ன வீடு, வேலை எதுவும் இல்லாத சாயங்காலம், ரோட்டில் போகும் வண்டியை எண்ணுவது. பத்துக்குப் பத்து அடி வீடுகள் வரிசையாக நிற்கும் எந்த முகாமின் ஓரத்திலும் இதைப் பார்க்கலாம். ஆனால் பாட்டு பாரி மகளிரைப் பற்றியது, பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தாலும் புறநானூறுதானே என்று போய்விடுவார். அதன் பிறகு கபிலர் அந்தப் பெண்களை மணந்துகொள்ளச் சொல்லி, அவர்களைக் கூட்டிக்கொண்டு குறுநிலத் தலைவன் விச்சிக்கோனிடம் போனது, இருங்கோவேளிடம் போனது, ஒவ்வொருவரும் கையை விரித்தது எல்லாம் பின்பாட்டுகளில் இருக்கின்றன. ஆன் ஃபிராங்கின் அப்பா விசாவுக்கு அலைந்ததை இப்படித் தமிழிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் சொல்லப்பட்ட பெயர்களை மட்டும் வகுப்பில் உச்சரித்துவிடாதீர்கள். ஒரு சினிமா நகைச்சுவைக் காட்சி எல்லோர் ஞாபகத்துக்கும் வந்து, அந்தப் பாடவேளை அதோடு போய்விடும்.

இதுவும் குறையில்லாதது இல்லை. சங்கத் தமிழ் என்றாலே பிள்ளைகளுக்குத் தேர்வு ஞாபகம் வரும், பொருள் சொல்லிக் கொடுப்பதிலேயே பத்து நிமிடம் போகும். அவர்கள் வேளிர் மகளிர், முகாமில் இருப்பவர்களோ பெரும்பாலும் மீன்பிடித்தும் விவசாயம் செய்தும் வாழ்ந்தவர்கள். அரசகுலப் பெண் குப்பைமேட்டில் ஏறினால்தான் நமக்கு வலிக்குமா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதை அப்படியே வகுப்பில் வைக்கப்போகிறேன்.

செய்யக் கூடாதவை இரண்டு. 'ஐந்து நிமிடத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், பையில் என்ன எடுப்பாய்?' என்ற விளையாட்டைப் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். 35 பேர் சந்தோஷமாக செல்போன், சார்ஜர், நாய்க்குட்டி என்று எழுதுவார்கள். மூன்று பேர் வீட்டில் பதிவு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கும் ஒரு பாட்டி இருப்பார். இன்னொன்று, முகாமிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்து பேசச் சொல்வது. அவராக வர விரும்பினால் வரட்டும். அழைத்தால் மறுக்க முடியாத நிலையில் இருப்பவரை அழைப்பது அழைப்பாகாது.

ஆக, என் வரிசை இது. முதல் வெள்ளி 116, இரண்டாவது வெள்ளி அதன் தொடர்ச்சியும் பழைய 112உம், மூன்றாவது வெள்ளி 'டோபா டேக் சிங்', நான்காவது வெள்ளி ஜெயபாலன். தூரத்திலிருந்து பக்கத்துக்கு. ஜெயபாலனில் யாழ்ப்பாணம் என்ற சொல் வரும்போது வகுப்பு மூன்று வாரம் பழகியிருக்கும், மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்க்காது என்று நம்புகிறேன்.

முதல் வெள்ளி முடிந்துவிட்டது. 116ஐ இரண்டு முறை வாசித்து, பொருள் சொல்லி, யாராவது ஏதாவது கேட்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு குரல்: "மிஸ், அவங்க குப்பைமேட்டுல ஏறினது வண்டிய எண்ணவா, இல்ல அங்கேருந்து மலை தெரியுதான்னு பாக்கவா?" எனக்குத் தெரிந்த உரைகள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. கேட்டது எந்தப் பெஞ்சு என்று இங்கே எழுதப்போவதில்லை.